இலைக்கட்டோடு ஒரு பின்வாசல் உலா

வாங்க, தலையைக் குனிந்து வாங்க. நிலை குட்டை. வலப்பக்கச் சுவரெல்லாம் கரி, சட்டையில் அப்பிக்கொள்ளும். இடப்பக்கம் எண்ணெய் டின்கள், காலில் இடிபடும். தரை ஈரம், பார்த்து. இதோ வந்துவிட்டோம்! மதுரையில் ஒரு மெஸ்ஸின் பின்கட்டு. அந்தத் தட்டிக்கு அப்பால், ஃபேனுக்குக் கீழே இடம் பிடிக்க ஆட்கள் முண்டியடிக்கிறார்கள். நாம் தட்டிக்கு இந்தப் பக்கம் நிற்கிறோம்! இருபது வருடமாக முன்வாசல் வழியாகவே போய் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, சாப்பிட்டு, கை கழுவி வெளியே வந்தவன் நான். குழம்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க எத்தனை முறை கழுத்தை நீட்டியிருப்பேன்! இன்றைக்கு அந்தக் குழம்பு என் முழங்காலுக்குப் பக்கத்தில் கொதிக்கிறது.

இந்தப் பாக்கியம் ஓர் இலைக்காரரால் வந்தது. எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வாழை இலை இறக்கிய அண்ணன். நகரத்தில் ஏகப்பட்ட கடைகளுக்கு அவர்தான் இலை போடுகிறார். இலைக்காரருக்கு முன்வாசல் கிடையாது, எல்லாக் கடையிலும் பின்வாசல்தான். ஒருநாள் கூட வரட்டுமா என்று கேட்டதும் சிரித்தார். "வா தம்பி. ஒரு கட்டை மடியில வச்சுக்கிட்டு பின்னாடி உக்காரணும், அம்புட்டுத்தேன் உன் வேலை." அவருடைய டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் முன்னால் இரண்டு கட்டு, பின்னால் இரண்டு கட்டு, நடுவில் அவர், என் மடியில் ஒன்று. பச்சை வாசனையோடு சிம்மக்கல் சந்துகளுக்குள் புகுந்தபோது, திருவிழாவில் சப்பரத்தில் ஏறிய பிள்ளை மாதிரி இருந்தது எனக்கு.

ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். மதுரையில் நல்ல கடை எது, மோசமான கடை எது? இந்த ஊரில் இந்தக் கேள்வியை நாலு பேர் கூடிய இடத்தில் கேட்டுவிட்டால் அப்புறம் வேறு வேலை நடக்காது. கறி தோசை என்றால் கோனார் மெஸ் என்று ஒருவர் ஆரம்பிப்பார். எலும்பு ரோஸ்ட் என்றால் அம்மா மெஸ் என்று அடுத்தவர் குறுக்கே வருவார். கோபு அய்யங்கார் கடை வெள்ளையப்பத்தைச் சொல்லாமல் என்ன பேச்சு என்று மூன்றாமவர் கோபித்துக்கொள்வார். இவர்களெல்லாம் சாப்பிடுகிறவர்கள். சமைக்கிறவர்கள், பரிமாறுகிறவர்கள், இலை எடுக்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? அதைக் கேட்கத்தான் இந்த உலா. இலைக்கார அண்ணன் ஒரே ஒரு கட்டுப்பாடு போட்டார்: "அவுகவுக கடையச் சொல்லக் கூடாது. வெளிக்கடையத்தேன் சொல்லணும்."

மணி பதினொன்று. பின்கட்டில் ஆவி பனி மாதிரி நிற்கிறது. மூலையில் ஒரு பெரிய அலுமினியப் பேசின். உள்ளே என்ன தெரியுமா? உயிரோடு அயிரை! விரல் நீளம்கூட இல்லாத மீன்கள், நூற்றுக்கணக்கில், வெள்ளையான ஏதோ ஒன்றில் துள்ளுகின்றன. எட்டிப் பார்த்தால் தேங்காய்ப்பால். கண்மாய்ச் சேற்றில் வாழ்ந்த மீன் அந்தப் பாலில் நீந்தினால் வயிற்றிலிருக்கும் மண்ணைக் கக்கிவிடுமாம். பேசினுக்குப் பக்கத்தில் மணைக்கட்டை போட்டு உட்கார்ந்திருக்கும் அக்கா, ஒவ்வொரு கைப்பிடியாக அள்ளிக் கல் உப்பில் உரசுகிறார். ஒரு மீன் துள்ளி என் செருப்புக்குள் விழுந்துவிட்டது. "அட, உன்னயத்தேன் பிடிச்சிருக்கு அதுக்கு!" என்று அந்தப் பின்கட்டே சிரித்தது. அயிரை மீன் குழம்பைத் தட்டில் வாங்கி ருசித்தவர்களே, உங்கள் குழம்பின் முன்கதை இதுதான்.

அடுப்படியில் சரக்கு மாஸ்டர். குழம்பு, சுக்கா, குடல் எல்லாம் அவர் கை. லுங்கியை மடித்துக் கட்டி, தோளில் ஒரு துண்டு. அந்தத் துண்டுதான் கரித்துணி, விசிறி, வியர்வைத் துணி எல்லாம். ருசி பார்க்க நாக்கில் வைப்பதில்லை. கரண்டியைத் தூக்கி, குழம்பு எப்படி விழுகிறது என்று பார்க்கிறார், மூக்கருகே கொண்டுபோகிறார், ஒரு சிட்டிகை உப்பை அண்டாவுக்குள் எறிகிறார். முடிந்தது. அத்தனை பெரிய அண்டாவுக்கு அந்தச் சிட்டிகை எம்மாத்திரம் என்று கேட்டால், "அது எனக்குத் தெரியும், குழம்புக்குத் தெரியும்" என்கிறார்.

கேள்வியைக் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "நல்ல கடையா? கோனார் மெஸ்ஸுல கறி தோசை. மாவைக் கனமா ஊத்தி, மேல முட்டைய ஒடச்சு ஊத்தி, அதுக்கு மேல கொத்துக்கறியப் பரப்பி, திருப்பிப் போடுவாய்ங்க பாரு. மூணு அடுக்கும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கணும். ஒட்டலைன்னா அது தோசை தனி, கறி தனி. அதெல்லாம் ஒரு சமையலா?"

"க்கும், பெரிய தோசை" என்று அயிரை அக்கா பேசினிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார். "எலும்பு ரோஸ்ட் சாப்பிட்டுப் பேசச் சொல்லு." சோறு வடிக்கிற அண்ணன் வடிதட்டைப் பிடித்தபடியே, "குமார் மெஸ்ஸ விட்டுட்டீகளே" என்றார். அவ்வளவுதான். கரண்டி ஒரு பக்கம், அயிரைப் பேசின் ஒரு பக்கம், வடிகஞ்சி ஆவி நடுவில். மூன்று பேரும் அவரவர் வேலையை ஒரு நொடிகூட நிறுத்தாமல் சண்டை போட்டார்கள். அந்த அழகை உங்களுக்குக் காட்ட என்னிடம் கேமரா இல்லையே என்று தவித்தேன்.

மோசமான கடைக்கு வந்தபோது மாஸ்டரின் குரல் தணிந்தது. பேர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெகுகாலம் முன்பு அவர் வேலை பார்த்த கடையாம். "மொதப் பந்திக்கு எல்லாப் பயலும் நல்லாத்தேன் போடுவான். ரெண்டே முக்காலுக்குப் போயி உக்காந்து பாரு. அங்க மொதலாளி கெட்டில்ல வெந்நி வச்சுக்கிட்டு நிப்பாரு. குழம்பு கொறையக் கொறைய வெந்நி ஏறும். கடைசிப் பந்திக்காரன் மஞ்சத் தண்ணியில சோத்தப் பெசஞ்சுட்டுப் போவான். நான் வச்ச குழம்புய்யா அது." கடைசி வாக்கியத்தை அவர் சொன்னபோது கையிலிருந்த கரண்டி அசையவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கடைசிப் பந்திக்காரருக்காக அவர் வருத்தப்படுகிறார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சாப்பிடுகிற நாம் ஒரு கடையை நமக்குப் பசிக்கிற நேரத்தில்தான் எடைபோடுகிறோம். அவர்கள் கடை மூடப்போகிற நேரத்தில் எடைபோடுகிறார்கள். இந்த ஒரு சங்கதிக்காகவே மடியில் இலைக்கட்டைச் சுமந்து வந்தது தகும் என்று தோன்றியது. ஆனால் இதைவிடப் பெரிய புதையல் கொல்லைப்புறத்தில் காத்திருந்தது.

கொல்லையில் ஒரு நீலப் பீப்பாய். எச்சில் இலைத் தொட்டி. முகத்தைச் சுளிக்காதீர்கள், கூட வாருங்கள்! அங்கே இலை எடுக்கிற அக்கா நிற்கிறார். தலையில் மல்லிகைப்பூ, இடுப்பில் சேலைத் தலைப்பைச் செருகி, கையில் வாளி. பந்தி முடிந்த இலைகளைக் கொண்டுவந்து தொட்டியில் போடுவதற்கு முன்னால், ஒவ்வொன்றையும் ஒரு விரலால் நெம்பித் திறந்து பார்க்கிறார். என்ன தேடுகிறார் என்று கேட்டதற்கு இலைக்கார அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "கேளு, கேளு. மதுரையில எந்தக் கடை எப்படின்னு இந்த மாதிரி அக்காமாருகளுக்குத்தேன் தெரியும்."

"தெறந்து வச்ச எலையில ஒண்ணும் இருக்காது தம்பி" என்றார் அக்கா. "புடிக்காததை எல்லாரும் மூடி வச்சுட்டுத்தேன் எந்திரிப்பாக. மூடின எலைக்குள்ளதான் சங்கதி." ஒரு இலையை நெம்பினார். ஓரமாக ஒதுக்கிய பொரியல். இன்னொன்று. அதே பொரியல். "இன்னைக்குப் பீட்ரூட்டு ஓடல. முன்ன புதன்கிழமை புதன்கிழமை முட்டைகோஸு போட்டாக. அத்தனை எலையிலயும் திரும்பி வந்துச்சு. மாஸ்டரண்ணன்கிட்ட போயிச் சொன்னேன். இப்ப புதன்கிழமை வாழைக்கா."

இதைக் கேட்டதும் எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும்போல் இருந்தது! கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி, "சாப்பாடு எப்படி இருந்துச்சு?" என்று கேட்கிறார். நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம். உண்மையான பதில் நம் இலைக்குள் மடங்கிக் கிடக்கிறது, அதை இந்த அக்கா பிரித்துப் படித்து அடுப்படிக்குக் கொண்டுபோகிறார். நாம் யாருக்கும் சொல்லாத குறை ஒன்று, ஒரு வாரம் கழித்து வாழைக்காய்ப் பொரியலாக நம் இலைக்கே வருகிறது.

அப்படியானால் எது மோசமான கடை? "எந்தக் கடையில சோறு திரும்பி வருதோ அந்தக் கடை" என்றார் சட்டென்று. "பொரியலு, அப்பளம் மிஞ்சுனா அது அவுக அவுக நாக்கு. சோறு மிஞ்சுச்சுன்னா குழம்பு சரியில்லைன்னு அர்த்தம். குழம்பு நல்லாருந்தா எவனாச்சும் சோத்தை விடுவானா?" நல்ல கடை? அக்கா வெட்கப்பட்டார். "நான் எங்க தம்பி கடைக்கெல்லாம் போறேன். விளக்குத்தூண்ல ஜிகர்தண்டா குடிப்பேன், எம்பொண்ணோட. அதுல எலையும் இல்ல, மிச்சமும் இல்ல, கிளாஸ்தேன்." பால் சுண்டச் சுண்டக் காய்ச்சி, கடல்பாசியும் நன்னாரி சர்பத்தும் சேர்த்து, மேலே ஐஸ்கிரீமை வைத்துத் தருகிற அந்த கிளாஸில் மிச்சம் வைத்தவரை நானும் பார்த்ததில்லை.

வெளியே வந்து வண்டியில் ஏறினோம். இலைக்கார அண்ணனுக்கும் ஒரு தீர்ப்பு இருக்கிறது, அதை வண்டி ஓட்டிக்கொண்டே கத்திச் சொன்னார். பாதி காற்றில் போனது. மீதியைச் சொல்கிறேன். ஆடி மாதக் காற்றில் வாழைத்தோட்டத்தில் இலை நார் நாராகக் கிழிந்துவிடும். முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்கள் இலையை அள்ளிக்கொண்டு போய்விடும். இந்த இரண்டு சமயமும் விலை ஏறும். அப்போது ஒரு கடை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டுமாம். சில கடைகள் சத்தமில்லாமல் இலையின் அளவைக் குறைத்துவிடும். நுனி இலை கேட்டவர்கள் நடுத்துண்டு கேட்பார்கள். முன்பெல்லாம் சில கடைகள் இலை மாதிரியே பச்சையாக அச்சடித்த பிளாஸ்டிக் தாளை விரித்துவிடும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்த பிறகு, "போனவய்ங்க பாதிப் பேரு திரும்பி வந்தாய்ங்க" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சமயத்திலும் அளவைக் குறைக்காமல், திட்டிக்கொண்டேயாவது, அதே இலையை வாங்கிய கடைகளை அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். வரிசையாகச் சொன்னார். நான் எழுதிக்கொள்ள முடியவில்லை, இரண்டு கையும் இலைக்கட்டில் இருந்தன.

மத்தியானம் மூன்றரைக்கு ஒரு பரோட்டாக் கடையின் பின்பக்கம் போனோம். உள்ளே ஒரே அமைதி. அரிசி மூட்டை மேல் ஒருவர், பெஞ்சில் ஒருவர், மாவு மேடைக்குக் கீழே இருவர், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள். எங்கோ ஒரு செல்போனில் இளையராஜா மெல்ல ஓடுகிறது. மேடைமேல் ஈரத்துணிக்குக் கீழேயும் ஒரு கூட்டம் தூங்குகிறது: மைதா உருண்டைகள். மத்தியானமே பிசைந்து, எண்ணெய் தடவி, உருட்டி அடுக்கியாயிற்று. மாவு நன்றாக ஊறினால்தான் வீசும்போது கிழியாது. மனிதர்களும் மாவும் ஒன்றாக ஊறுகிற அந்த நேரத்தைக் கலைக்க மனசில்லாமல், இலையைச் சுவரோரம் வைத்துவிட்டுப் பூனைபோல் வெளியே வந்தோம்.

ஆறரைக்குத் திரும்பி வந்தால், அதே இடமா இது!

"ரெண்டு வீச்சு, ஒரு முட்டை, நாலு சாதா, அஞ்சாம் டேபிளுக்கு சால்னா!" சப்ளையரின் குரல் தட்டியைத் தாண்டி வந்து விழுகிறது. மதியம் மூட்டைமேல் தூங்கியவர் இப்போது கல்லுக்கு முன்னால் நிற்கிறார். பரோட்டா மாஸ்டர்! மாவு உருண்டையைக் கையால் தட்டி, ஓரத்தைப் பிடித்து ஒரு வீச்சு. இன்னொரு வீச்சு. மூன்றாவதில் அது கைக்குட்டைபோல் காற்றில் விரிந்து, விளக்கு வெளிச்சம் அதற்குள் தெரிகிறது. மேடையில் விழும்போது சத்தமே இல்லை. விரலால் கூட்டிச் சுருட்டி, நத்தைபோல் சுற்றி ஓரமாக வைக்கிறார். அதற்குள் அடுத்த உருண்டை. அவருடைய வலது முன்கையைப் பாருங்கள், ஒரு ரோமம்கூட இல்லை. கல்லின் சூடு எல்லாவற்றையும் எப்போதோ தின்றுவிட்டது. நெற்றியில் கட்டிய துண்டைத் தாண்டி வியர்வை வழியும்போது, அது மாவில் விழாமல் தோளைத் தூக்கிக் கன்னத்தைத் துடைத்துக்கொள்கிறார். வீச்சு நிற்காமலே!

கல்லிலிருந்து எடுத்த ஐந்தாறு பரோட்டாக்களை அடுக்கி, இரண்டு பக்கமும் கையை வைத்துத் தட்டுகிறார். அடுக்கு பிரிந்து பூவாக மலர்கிறது. அந்தச் சூட்டில் கையை எப்படி வைக்கிறீர்கள் என்றேன். "மொத ஆறு மாசம் அழுதேன். அப்பறம் கை அழுறத நிப்பாட்டிருச்சு" என்றார். விருதுநகரில் பரோட்டாவை எண்ணெயில் பொரித்து எடுப்பார்கள், மொறுமொறுவென்று இருக்கும். அவர் பழகியது அங்கேதான். மதுரைக்கு வந்ததும் கல்லில் சுட்டு மெத்தென்று எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்ததாம். "ஒரே மாவுதேன். ஊருக்கு ஊரு பல்லு வேற."

பக்கத்தில் வெங்காய மலை. அதன் பின்னால் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் மாட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓர் இளைஞர் வெங்காயம் நறுக்குகிறார்! கண் எரியாமல் இருக்க அவரே கண்டுபிடித்த உபாயம். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். அசாமிலிருந்து வந்தவர். வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, பேச்சைக் கேளுங்கள்: "அண்ணே, அங்கிட்டு நில்லுங்க, தண்ணி தெளிக்கும்." அங்கிட்டு! மதுரை அவர் நாக்கில் எப்போது குடியேறியதோ! மாஸ்டர் திரும்பாமலே சொன்னார், "கெட்ட வார்த்தையும் எங்களவிட நல்லாப் பேசுவான்." ஹெல்மெட்டுக்குள் சிரிப்பு முட்டிக்கொண்டு கண்ணாடி ஆவியால் மங்கிப்போனது.

மோசமான கடை எது என்று அவரிடமும் கேட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பதில் சொன்னார். ஊருக்கு வந்த புதிதில் வேலைக்குச் சேர்ந்த ஓர் இடம். அங்கே வேலைக்காரர்களுக்கு முந்தின நாள் மிஞ்சியதுதான் சாப்பாடு. "இங்க கஸ்டமருக்கு என்ன சால்னாவோ அதான் எனக்கு." மாஸ்டர் கல்லைத் தேய்த்துக்கொண்டே தலையசைத்தார். "நல்ல கடை தெரியணும்னா பதினோரு மணிக்கு மேல பின்னாடி வந்து, வேலை பாக்குறவன் தட்டுல என்ன இருக்குன்னு பாரு" என்றார். இதை நான் இனி எந்த ஊருக்குப் போனாலும் செய்யப் போகிறேன்.

எட்டு மணிக்குக் கொத்து பரோட்டா ஆரம்பமானது. முன்னால் உட்கார்ந்து கேட்கும்போது அது சங்கீதம். பக்கத்தில் நின்றால் காதில் இடி! இரண்டு இரும்புத் தகடுகள், கல்லில் பிய்த்துப் போட்ட பரோட்டா, முட்டை, வெங்காயம், ஒரு கரண்டி சால்னா. டடக் டடக் டக்கடி டக். மாஸ்டரின் தோள் முழுதும் ஆடுகிறது. கொத்துகிற சத்தத்தை வைத்தே எந்தக் கடை, எந்த மாஸ்டர் என்று தெருக்காரர்கள் சொல்லிவிடுவார்களாம். "நான் லீவு போட்டா எதிர்வீட்டுப் பாட்டி காலைல வந்து கேக்கும், உடம்புக்கு என்னன்னு." தட்டிக்கு அப்பால் பிள்ளைகள் மேசையில் விரலால் அதே தாளத்தைத் தட்டுவது கேட்டது. சால்னா வாளியோடு ஓடுகிறவர் மூச்சு வாங்கியபடி ஒரு கணக்குச் சொன்னார். ஒரே ஒருவர், இரண்டு பரோட்டாவுக்கு ஏழு தடவை சால்னா கேட்டிருக்கிறார். சலித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். இல்லை, மாஸ்டரின் காதில் விழட்டும் என்று உரக்கச் சொல்கிறார். மாஸ்டர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்!

உங்களுக்குப் பிடித்த கடை எது மாஸ்டர் என்றேன். "இட்லிக் கடை" என்றார். எந்தக் கடை? "பன்னெண்டரைக்கு மேல வா. நானே கூட்டிட்டுப் போறேன்."

இடையில் கிடைத்த நேரத்தில் ரயில் நிலையம் பக்கம் போய்ப் பிரேமா விலாஸில் சூடான அல்வா வாங்கினோம். நெய் வழிய வழியத் தின்றுவிட்டு, தித்திப்பு அடங்கக் கொஞ்சம் காரம் வாயில் போட்டுக்கொண்டோம். அங்கே வரிசையில் நின்ற இரண்டு நண்பர்கள் நல்ல பருத்திப்பால் எந்தத் தெருவில் கிடைக்கும் என்று முட்டிக்கொண்டதைக் கேட்டுக்கொண்டே நிற்கலாம்தான். ஆனால் மனசு இட்லியில் இருந்தது.

நள்ளிரவு தாண்டிய மாசி வீதிகள். கடைக் கதவுகள் இறங்கியிருக்கின்றன, தெரு இறங்கவில்லை. லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறார்கள். டீக்கடையில் கூட்டம். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில் பகல் சந்தையான நாளங்காடியோடு இரவுச் சந்தையான அல்லங்காடியும் வருகிறது. அந்த அல்லங்காடி இன்னும் கடை கட்டவில்லை என்று சொல்லலாம்போல் இருந்தது எனக்கு. ஒரு சந்து முனையில், மூடிய கடையின் படிக்கட்டையே கடையாக்கிக்கொண்டு ஓர் அம்மா. அறுபதைத் தாண்டியிருக்கும். ஒரு விறகடுப்பு, ஒரு இட்லிக் கொப்பரை, நாலு தூக்குவாளிகளில் நாலு சட்னி. பெயர்ப்பலகை இல்லை. இங்கே பின்வாசலே கிடையாது, சமையல் முழுதும் தெருவுக்குத் தெரிய நடக்கிறது. கொப்பரை மூடியைத் திறக்கும்போது ஆவி தெருவிளக்கு வரை எழும்புகிறது. இட்லித் துணியைக் கவிழ்த்து, மேலே தண்ணீரைத் தெளித்து, ஒரே இழுப்பில் உரித்தால் இட்லிகள் துணியில் ஒட்டாமல் வந்து விழுகின்றன.

பரோட்டா மாஸ்டர் வந்துவிட்டார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, அடையாளமே தெரியவில்லை. ஆறு மணியிலிருந்து நின்ற கால். படிக்கட்டில் உட்கார்ந்ததும் ஒரு பெருமூச்சு. "ஆத்தா, நாலு. காரச் சட்னி கூட." இவ்வளவு பரோட்டா சுட்ட கைக்கு ஒரு பரோட்டாகூட உள்ளே இறங்காதாம். நெய்யும் எண்ணெயும் மணந்து மணந்து மூக்கு நிறைந்துபோயிருக்கும். ஆவியில் வெந்ததுதான் வேண்டும். அவர் சாப்பிடுவதைப் பார்க்கவேண்டுமே! கண்ணை மூடி, ஒரு இட்லியை நாலாகப் பிட்டு, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு சட்னியில் தொட்டு. நானும் ஆறு சாப்பிட்டேன். இலைக்கார அண்ணன் எட்டு. இலை அவருடையதுதான், தடவிப் பார்த்து, "இன்னைக்குக் காலைல அறுத்தது" என்றார் பெருமையாக.

அந்த அம்மாவிடமும் கேட்டேன், கடைசியாக. மதுரையில் நல்ல கடை எது ஆத்தா? அவர் பதில் சொல்லாமல் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் வெள்ளைச் சட்டைக்குள்ளிருந்து, ஆமாம், வயிற்றோடு அணைத்து வைத்திருந்த இடத்திலிருந்து, ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். இரண்டு பரோட்டா, தனியே கட்டிய சால்னா, கொஞ்சம் வெங்காயம். தினமும் நடக்கிற கொடுக்கல் வாங்கல். இட்லிக்குக் காசு கிடையாது, பரோட்டாவுக்கும் காசு கிடையாது. காலையிலிருந்து இட்லி மாவின் முகத்திலேயே விழிக்கிற அந்த அம்மாவுக்கு இட்லியைக் கண்டால் ஆகாதாம்!

அடுப்பைத் தணித்துவிட்டு, இலையைப் பிரித்து, பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறவிட்டு நிதானமாகச் சாப்பிட்டார். மாஸ்டர் தன் கடைசி இட்லியைக் கையில் பிடித்தபடி, சாப்பிடாமல், அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆத்தா கையை உதறிவிட்டு இலையை மடிக்கப் போனார். மாஸ்டர் எட்டி அதை மடிக்க விடாமல் பிடித்துத் திறந்தார். ஓரத்தில் நாலைந்து வெங்காயத் துண்டுகள்.

"என்ன ஆத்தா, வெங்காயத்தை ஒதுக்கிட்டீக? காரமா? சரியா நறுக்கலையா அந்தப் பய?"

"அட நீ ஒருத்தன்" என்றார் ஆத்தா, வாயைத் திறந்து ஈறைக் காட்டி. "கடவாப் பல்லு விழுந்துருச்சுய்யா போன வாரம்."

மாஸ்டர் அந்தத் துண்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாளைக்கு வதக்கிக் கொண்டாறேன்" என்றார்.